ஐந்து விளக்குகளின் முதுகு

எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் எழும்பி, அலுத்துப்போய் நின்றுவிடும். அதற்கும் கூரைத் தகரச் சீற்றுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. சண்டையால் சீமெந்து ஊருக்குள் வரத் தடை இருந்த காலத்தில் மாமா கட்டிய சுவர் அது. கிடைத்தது அவ்வளவுதானாம். அந்த இடைவெளிக்கு மறுபக்கம் மாமாவின் அறை. குளியலறைக்குள் நான் செய்வதெல்லாம் மாமாவின் காதுக்குப் போகும். மாமாவுக்குக் காதோடு வாயும் இருந்ததுதான் என் வாழ்க்கையின் பிரச்சினை.

மாமா என்பது என் மனைவியின் அப்பா. வீடும் என் மனைவியின் வீடுதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். மகளுக்குக் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து முன் அறையில் ஏறுவார். பெற்றவர்கள் கட்டிலைக் கழற்றிக்கொண்டு பின்பக்கம் ஒதுங்குவார்கள். நான் சூட்கேசோடு இந்த லிங்கநகர் வீட்டுக்கு வந்த அன்று மாமாவும் மாமியும் விறகறைக்குப் போனார்கள். விறகை வெளியே எடுத்து, வெள்ளை அடித்து, மாதா படம் ஒன்றை மாட்டியதும் அது அறையாகிவிட்டது. மாமி அங்கேயே காலமானார். மாமா மட்டும் எஞ்சினார்.

விறகறைக்கு யாரும் யன்னல் வைப்பதில்லை. ஒரு பக்கம் அயல் வீட்டு மதில், இன்னொரு பக்கம் குசினி, கதவைத் திறந்தால் இருண்ட நடை. ஆனால் குளியலறைக்குக் கிழக்குப் பார்த்த கண்ணாடி யன்னல் ஒன்று உண்டு. காலை வெயில் அதற்குள்ளால் வந்து, சுவருக்கு மேலே உள்ள இடைவெளியால் ஏறி, மாமாவின் கட்டிலில் இறங்கும். காற்றுக்கும் அதே பாதைதான். விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, வோக்கரைப் பிடித்துக்கொண்டு கதவடி மட்டும் நடக்கிற நிலைக்கு அவர் வந்த பிறகு அந்த இடைவெளிதான் அவருடைய யன்னல், தொலைபேசி, பத்திரிகை எல்லாம். பத்திரிகையில் வரும் செய்தி நான்.

மாமா துறைமுகத்தில் இழுவைப்படகின் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். பெரிய கப்பல்களைக் கழுத்தில் கயிறு போட்டு இழுத்து வருகிற சின்னப் படகு. எஞ்சினைத் தொடாமலே, சத்தத்தைக் கேட்டு எந்த வால்வு இறுகியிருக்கிறது என்று சொல்லுவாராம். ஓய்வு பெற்று, கேட்பதற்கு எஞ்சின் இல்லாமல் அவர் தவித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கடவுள் ஒரு மருமகனைக் கொடுத்தார்.

புது மாப்பிள்ளையாக முதல் நாள் காலை குளியலறைக் கக்கூசில் குந்தியிருக்கிறேன். முந்தின நாள் கலியாணச் சாப்பாடு வயிற்றில் கல்லாக நிற்கிறது. மேலேயிருந்து ஒரு குரல், மிகுந்த மரியாதையோடு இறங்கி வந்தது.

"தம்பி, பம்புக்குள்ள காத்துப் பூந்திட்டுது போல. அவசரப்படுத்தாதேங்கோ, மெல்ல மெல்லப் பிடிக்கும்."

வெளியே வந்தபோது மாமியும் மனைவியும் ஆளுக்கொரு அடுப்பை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு அடுப்பும் எரியவில்லை.

அன்றோடு என் குடலுக்குக் கூச்சம் பிடித்துவிட்டது. நான் துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளன். அங்கே உள்ள கழிப்பறைச் சுவர் கூரை வரைக்கும் போகும். அதற்காகவே காய்ச்சல் வந்த நாளிலும் வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட ஏதாவது சாவியை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன். ஒரு வருடம் முழுக்க லீவே எடுக்காத ஊழியன் என்று மேடைக்குக் கூப்பிட்டுச் சுவர்க்கடிகாரம் ஒன்று தந்தார்கள். என் கடமையுணர்ச்சியைப் பற்றி மேலதிகாரி நெகிழ்ந்து பேசும்போது எனக்கு வயிறு கலக்கியது, கூட்டம் முடிவதற்குள் போக வேண்டியிருந்தது. கடிகாரத்தை மாமாவிடம் காட்டினேன். அதைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, இந்த வீட்டில் இதுவாவது ஒழுங்காக ஓடுகிறதே என்று திருப்பித் தந்தார்.

பின்னேரம் செபமாலை. அதைத் தனியே சொன்னால் மாமாவுக்குத் திருப்தியில்லை. முதல் பாதியை அவர் சொல்ல, மறுபாதியைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த நேரத்தில் நான் வேலையால் வந்து குளித்துக்கொண்டிருப்பேன். மாதா படத்துக்கு முன்னால் அவர், சவர்க்கார நுரைக்குள் நான். நான் கொஞ்சம் பிந்தினால், நின்றுபோனது தண்ணியா விசுவாசமா என்று சுவருக்கு மேலால் விசாரிப்பார். உடுப்பே இல்லாமல் நான் சொன்ன செபங்களுக்கு மோட்சத்தில் தனி விசாரணை இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்படியே என் தலைமுடி போய், மகள் வளர்ந்துவிட்டாள். மூதூரிலிருந்து ஒரு சம்மந்தம் வந்தது. பொடியனுக்குக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம், அமைதியான ஆள். தாய் விதவை, இவர் ஒரே மகன். அந்த அம்மா வீடு பார்க்க வந்தார். முன் அறை பார்த்தார், விறாந்தை பார்த்தார், கிணறு பார்த்தார், தென்னையில் காய் எத்தனை என்று அண்ணாந்தும் பார்த்தார். பயணம் செய்து வந்தவர், குளியலறை எங்கே என்று கேட்டார். மகள் காட்டிவிட்டாள். மாமாவுக்கு விருந்தாட்கள் வந்திருக்கிற சங்கதியை யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அவரும் கதையில் சேருவார் என்று பயந்து நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன்.

விறாந்தையில் எல்லாரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம். பின்பக்கத்திலிருந்து மாமாவின் குரல் தெளிவாக வந்தது.

"என்ன தம்பி, இண்டைக்கு இது ரெண்டாந்தரம். எஞ்சின் சூடேறிடும், கொஞ்சம் ஆற விடுங்கோ."

அந்த அம்மா திரும்பி வந்தபோது சேலைத் தலைப்பு மற்றத் தோளுக்கு மாறியிருந்தது. கதிரையின் விளிம்பில் இருந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. வீடு நல்லம் என்றார், பிள்ளையும் நல்லம் என்றார். பாத்ரூமைத்தான் கொஞ்சம் பார்க்க வேணும் என்றார்.

பிறகு தொலைபேசியில் மனைவியிடம் விவரமாகச் சொன்னார். கொழும்பில் தன் தங்கச்சி வீட்டில் இருப்பதுபோல, தாழ்வாக ஒரு சீலிங் அடித்து, லைற்றுகளை அதற்குள்ளே புதைத்து, மேலே ஒரு கீறலும் இல்லாமல் மூட வேண்டும். மற்றதெல்லாம் பேசித் தீர்க்கலாம், இது மட்டும் பேச்சில்லை. மனைவி அழுதாள். மகள் அம்மப்பாவோடு அன்று முழுக்கக் கதைக்கவில்லை. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன். சத்தமில்லாமல்தான் ஆடினேன், இடைவெளி இன்னும் திறந்திருந்ததால்.

திட்டமிடும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அதற்கு முன் அந்த வீட்டில் நான் எடுத்த ஆகப் பெரிய முடிவு வாசல் கால்மிதியின் நிறம். அதையும் பிறகு மாற்றிவிட்டார்கள். தொலைபேசியில் சீலிங் அடிக்கும் வீடியோக்களை இருந்து பார்த்தேன். வெளிச்சம் வெள்ளையா மஞ்சளா என்று மனைவியோடு விவாதித்தேன். ஈரம் போகாமல் மூடிய லைற்றுத்தான் வேணும் என்று துறைமுகத்தில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கினேன். நாலு மூலைக்கு நாலு, முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே ஒன்று, மொத்தம் ஐந்து என்று முடிவாயிற்று.

அவை எந்தெந்த இடத்தில் வரும் என்று பார்ப்பதற்கு, தேத்தண்ணிக் கோப்பைத் தட்டுகள் ஐந்தைத் தரையில் பரப்பி, நடுவில் நான் மல்லாந்து படுத்து, தட்டுகள் மேலே இருப்பதாகக் கற்பனை செய்தேன். கற்பனை பிடிபட்டு வருகிற நேரம் கால் இழுத்து ஒரு தட்டு உடைந்தது. விழுந்திட்டியளோ என்று மேலேயிருந்து மாமா கேட்டார். இல்லை, படுத்திருக்கிறேன் என்றேன். அப்படியென்றால் உடைந்தது பீங்கான்தான் என்று அவரே முடிவுக்கு வந்தார். எலும்பென்றால் சத்தம் இன்னும் கொஞ்சம் தடிப்பாக வருமாம், அவருக்குத் தெரியுமாம்.

சீலிங் அடிக்கிறவரும் மூதூரிலிருந்துதான் வந்தார். ஏணியில் ஏறியதும் அவருடைய தலை சுவருக்கு மேலே போய், மாமாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தது. இருவரும் சுகம் விசாரித்து, மூதூரில் இப்போது மீன் எப்படி, இறங்குதுறை எப்படி என்று கொஞ்ச நேரம் கதைத்தார்கள். இத்தனை வருடத்தில் அந்த இடைவெளியில் மாமா ஒரு மனிதரின் முகத்தைக் கண்டது அன்றுதான்.

இறங்கி வந்து இரண்டு வழி இருக்கிறது என்றார். கூரையின் சரிவோடு ஒட்டினாற்போல மேலே அடிக்கலாம். அப்படி அடித்தால் சுவருக்கு மேலுள்ள இடைவெளி இருக்கிறபடியே இருக்கும், ஆனால் லைற்றைப் புதைக்க ஆழம் காணாது, மேலோட்டமாகத்தான் பூட்ட வேண்டும். அல்லது சுவரின் விளிம்புக்குக் கீழே தட்டையாக அடிக்கலாம். லைற்றுக்கு இடம் தாராளம், பார்க்கவும் வடிவு. இடைவெளி சீலிங்குக்கு மேலே உள்ள இருட்டுக்குள் திறந்து கிடக்கும், ஒருவருக்கும் பயனில்லாமல்.

மேலேயே அடித்தால் என்ன என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா கேட்டார்.

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான் ஐயா. வீட்டுக்காரர் சொல்ற மட்டத்தில அடிச்சுத் தருவன்."

வீட்டுக்காரர் என்று அவர் கை காட்டியது என்னை. அந்த வீட்டில் அந்தச் சொல் எனக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. மயக்கமாகவே இருந்தது. சுவர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே கோடு போடச் சொன்னேன். அரைச் சாண் காணும் என்றார் அவர். ஒரு சாணே இருக்கட்டும் என்றேன்.

வேலை தொடங்குவதற்கு முதல் நாள் காலை. நான் முகம் வழித்துக்கொண்டு நிற்கிறேன். வெயில் யன்னலால் வந்து சுவருக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. மறுபக்கத்தில் கட்டில் கிறீச்சிட்டது.

"தம்பி, ஒரு மூலையில லைற் வைக்காம ஓட்டையை மட்டும் விடேலாதோ? எனக்கு அதாலதான் விடியிறது."

நான் கத்தியைப் பிடித்தபடி காத்திருந்தேன். மாமாவின் கதைக்கு எப்போதும் வாலில் ஒரு கொடுக்கு இருக்கும். அன்று கொடுக்கு வரவில்லை. வராத இடத்தை நான் நிரப்பினேன். அவருடைய அறையிலும் ஒரு லைற் போட்டுத் தருகிறேன், சுவிச்சைப் போட்டால் விடியும், நிப்பாட்டினால் பொழுதுபடும், கடவுளுக்கே அந்த வசதி கிடையாது என்றேன். எனக்கே சிரிப்பு வந்து, வழித்துக்கொண்டிருந்த நாடியில் வெட்டிக்கொண்டேன். காற்றுக்கு என்ன செய்யிறது என்று கேட்டார். ஒரு ஃபானும் வாங்குகிறேன் என்றேன். ஃபான் இருக்கிற காத்தைத்தானே சுத்தும் என்றார்.

"பழகிடும் மாமா" என்றேன்.

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. பிறகு திரும்பவும் தொடங்கியது.

சீலிங் ஏறியது. அலுமினியச் சட்டம் போட்டு, வெள்ளைப் பிளாஸ்டிக் பலகைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டு போனார் அந்த மனிதர். ஒவ்வொரு பலகைக்கும் மாமாவின் அறை ஒரு பலகை அகலத்துக்கு இருண்டது. கடைசிப் பலகையைச் செருகும்போது மாமா மறுபக்கத்திலிருந்து ஏதோ சொன்னார். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. திறமான சீலிங்.

அன்று பின்னேரம் முதல் குளிப்பு. சுவிச்சைப் போட்டேன். ஐந்தும் ஒன்றாக எரிந்தன. அந்த வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் ஒரு கிழவன் நின்றான். வயிறு ஒரு பக்கம் தொங்க, மார்பில் நரைமயிர் சிலிர்க்க, யாரோ உரித்துவிட்ட கோழிபோல இருந்தான். அவன் யார் என்று கேட்க வாய் எடுத்தேன், அவனும் எடுத்தான். இத்தனை வருடமும் மங்கிய வெளிச்சத்தில் என்னைப் பற்றி நான் கொண்டிருந்த நல்லெண்ணம் முழுவதையும் அந்த ஐந்து லைற்றுகளும் ஒரு நிமிடத்தில் உரித்துப் போட்டன. பரவாயில்லை. சுதந்திரம் கிடைத்துவிட்டது. பாடினேன், கனைத்தேன், மனம்போல எல்லாச் சத்தமும் விட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

குளித்து முடிக்கிற நேரம் சுவருக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு. செபமாலையாக இருக்கும். எந்த இடத்தில் அவருடைய பாதி முடிந்து என்னுடைய பாதி தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. அதனால் நான் தண்ணியை ஊற்றினேன். வெளியே வந்தபோது, அம்மப்பா முதல் பாதியைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்து, பிறகு மாலையைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டார் என்றாள் மகள். எனக்கு அன்று நல்ல நித்திரை.

மாப்பிள்ளையின் தாய் வந்து பரிசோதித்தார். மறுபக்கத்திலிருந்து ஏதாவது சொல்லச் சொல்லி மாமாவிடம் கேட்டுவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா சொன்னார். நடையில் நின்ற எங்களுக்கு நன்றாகக் கேட்டது, இங்கே எழுத ஏலாது. உள்ளே நின்றவருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. வெளியே வந்து, ஐயா செபம் சொன்னவரோ என்று கேட்டார். ஓம் என்றாள் என் மனைவி. அன்றே நாள் குறித்தார்கள்.

மாதா கோயிலில் தாலி ஏறியது. ஆட்களைச் சிரிக்க வைக்க நான் மேடையில் இரண்டு பகிடி விட்டேன், மூன்றாவதற்கு மகள் மைக்கைப் பறித்துவிட்டாள். ஆட்கள் போய் முடிந்தபின் வீட்டுக்கு வந்தால், முன் அறையில் என் கட்டிலைக் காணவில்லை. கழற்றப்பட்ட கட்டில் நடையில் சாய்ந்து நின்றது. மகள் படுத்த நடு அறையை நான் மனதில் வைத்திருந்தேன். அங்கே இரண்டு கட்டில் போட்டிருந்தார்கள், ஒன்று என் மனைவிக்கு, மற்றது சம்மந்தியம்மாவுக்கு. கலியாணத்துக்கு வந்தவர், மூதூரில் தனியே என்ன செய்யப் போகிறார் என்று மனைவி கேட்டாள். ஆம்பிளைகள் இருவரும் ஒரு அறையில் இருந்தால் உதவியாகவும் இருக்குமாம்.

நான் விறகறை என்ற சொல்லைச் சொன்னேன். என் சேட்டில் கிடந்த கலியாணப் பூவைத் தட்டிவிட்டபடி மனைவி என்னைப் பார்த்தாள்.

"அந்த அறைக்கு என்ன குறை? லைற் இருக்கு, ஃபான் இருக்கு. நீங்களே பார்த்துப் போட்டதுதானே."

மகளுக்கு வீட்டைக் கொடுத்தால் பெற்றவர்கள் பின்னுக்குப் போக வேண்டும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும். சூட்கேசோடு உள்ளே வருகிற ஆளின் பக்கத்திலிருந்து மட்டும் தெரியும். கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகிறவரின் பக்கத்திலிருந்து ஒருநாளும் அதை நான் பார்த்ததில்லை. சீலிங் மட்டத்துக்கு ஒரு சாண் கோடு போட்ட ஆள், அந்தச் சுவருக்கு மறுபக்கம் யார் படுக்கப் போவது என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்கவில்லை. திட்டமிடுவதில் என் திறமை அப்படி.

மாமா கட்டிலில் எழும்பி இருந்து என்னை வரவேற்றார்.

"வாங்கோ தம்பி. இஞ்ச நல்ல அமைதி. முந்தி ஒரு பழைய எஞ்சின் சத்தம் கேக்கும், இப்ப அதுவுமில்லை."

இரண்டு கட்டிலுக்கும் நடுவில் வோக்கர் நிற்க மட்டும் இடம். மல்லாந்து படுத்தால் சுவருக்கு மேலே உள்ள இடைவெளி தெரியும். அதற்குள்ளால் வெயில் வருவதில்லை. சீலிங்கின் மேற்பக்கமும், நான் இருந்து இருந்து தேர்ந்தெடுத்த ஐந்து லைற்றுகளின் முதுகும்தான் தெரியும். கறுத்த தகரக் குமிழ்கள், அவற்றிலிருந்து தொங்கும் வயர்கள். குளியலறையில் சுவிச்சைப் போட்டால் ஒவ்வொரு குமிழையும் சுற்றி மயிர் அகலத்தில் ஒரு வெளிச்ச வளையம் தோன்றும். அவ்வளவுதான். மற்ற வெளிச்சம் முழுக்கக் கீழே, குளிக்கிறவருக்கு. சீலிங்குக்கு மேலே தேங்கும் சூடு மட்டும் இங்கே இறங்கும். எலிகளும் அந்தப் பாதையைக் கண்டுபிடித்துவிட்டன.

ஃபான் மாமா சொன்னபடியேதான், இருக்கிற காற்றைச் சுற்றியது. லைற்றைப் போட்டால் மாமாவுக்குக் கண் கூசும். நிப்பாட்டினால் விடிந்ததா இல்லையா என்று தெரியாது. கண்ணை விழித்துக்கொண்டு கிடந்து, குசினியில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டபின் எழும்புவேன். எனக்குக் கிடைத்த சுவர்க்கடிகாரத்தையும் மனைவி அங்கேதான் மாட்டியிருந்தாள். அது ஓடுவது கேட்கும், நேரம் தெரியாது.

குளிக்கப் போவதற்கும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த அறை இப்போது பிள்ளைகளுடையது, அலுமாரி நிறைய அவர்களுடைய போத்தல்கள். அந்த வெளிச்சத்தில் நிற்கும் உரித்த கோழியையும் எனக்குப் பார்க்க விருப்பமில்லை. கிணற்றடியில் குளித்தேன். மற்ற விஷயத்துக்குத் திரும்பவும் துறைமுகத்துக்கு ஓடினேன். இன்னொரு கடிகாரம் தருவார்கள் போல.

மாமா மட்டும் சுகமாக இருந்தார். சீலிங் என் காதை அடைத்தது, அவருடைய காதை அடைக்கவில்லை. கட்டிலைச் சுவரோடு தள்ளச் சொல்லி, செங்கல்லில் காதை வைத்துக்கொண்டு, புது மருமகன் குளிப்பதை எனக்குச் சொல்லிக் காட்டுவார். இப்ப வாளியைத் தள்ளி வைக்கிறார். சவர்க்காரம் விழுந்திட்டுது. எடுத்திட்டார். நல்ல எஞ்சின் தம்பி, புதுசு, ஒரு தட்டல் இல்லை. புது மருமகனைப் பற்றி அவருக்கே மாமா ஒரு சொல் சொல்ல மாட்டார். சொல்வதெல்லாம் எனக்கு. என் வயிறு, என் குறட்டை, என் ஏப்பம் எல்லாம் இப்போது சுவரில்லாமல் நேரடியாகக் கிடைக்கின்றன, ஒன்றையும் அவர் வீணாக்குவதில்லை.

ஒரு பின்னேரம் மருமகன் கதவடியில் வந்து நின்றார். வேலையால் வந்து, தோளில் துவாயோடு குளிக்கப் போகிற வழி. லைற்றைப் போட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர், சேட்டைக் கழற்றிவிட்டு வேர்த்துக்கொண்டு கிடந்த எங்கள் இருவரையும், பிறகு மேலே இருந்த இருட்டையும் பார்த்தார். பகிடி தெரியாத பிள்ளை. அதனால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

"மாமா, ஒரு மூலை லைற்றைக் கழட்டிவிட்டா இஞ்ச காத்தும் வெளிச்சமும் வரும். எங்களுக்கு நாலு காணும். இப்பவே கழட்டட்டே?"

நான் எழும்பி இருந்தேன். ஒரு ஓட்டை. கோப்பைத் தட்டு அளவில் ஒரு ஓட்டை. காலை வெயில் அதற்குள்ளால் ஏறி, இடைவெளியால் இறங்கி, என் கட்டிலில் ஒரு வட்டமாக விழுவதை அந்தக் கணத்திலேயே கண்டுவிட்டேன். கழட்டுங்கோ என்று சொல்ல வாயையும் திறந்துவிட்டேன். ஆனால் மருமகன் மரியாதை தெரிந்தவர். கேட்டது என்னை என்றாலும் பார்த்தது மூத்தவரை.

 மாமாவின் கண் அந்த ஐந்து முதுகுகளிலும் ஒவ்வொன்றாகப் போய் வந்தது. அவருக்கும் அது வேண்டும். என்னைவிட அவருக்குத்தான் வேண்டும், எனக்குத் துறைமுகமாவது இருக்கிறது. பிறகு தலையைத் திருப்பி, என் திறந்த வாயைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"வேண்டாம் மகன். கலியாணம் முடிச்ச பிள்ளையள், உங்களுக்கு ஒரு மறைப்பு வேணும். எங்களுக்கு இதுவே காணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி, பழகிடும்தானே?"

மருமகனுக்கு முன்னால் நான் வேறு என்னத்தைச் சொல்வது. ஓம் மாமா என்றேன்.

மருமகனுக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே தாயிடம் போய்ச் சொன்னார். இப்படி ஒரு பெரிய மனமா என்று தாய் உருகிப்போனது நடையில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மகள் பாயசம் கொண்டுவந்து மாமாவின் கையில் கொடுத்தாள். ஒரு கோப்பைதான் வந்தது. கசுக்கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கடித்து, கோப்பையின் அடியைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டார். நல்ல பகிடி ஒன்று விட்டுவிட்டு அதைத் தானே ருசிக்கிற மனிதரின் முகம். பகிடி விட்டே காலம் கழித்த எனக்குத் தெரியாத முகமா அது. நான் இத்தனை வருடமாக விட்ட பகிடிகளில் ஒன்றும் அதற்குக் கிட்ட வராது. அதற்காக அவர் கொடுத்த விலை தன்னுடைய விடியல், நான் ஒருநாளும் ஒரு பகிடிக்கு நாடியில் ஒரு வெட்டுக்கு மேலே கொடுத்ததில்லை.

மேலே ஐந்து வளையங்களும் எரிந்தன. மருமகன் குளிக்கத் தொடங்கியிருந்தார். மாமா கோப்பையைக் கீழே வைத்து, கண் கூசுகிறது என்று லைற்றை நிப்பாட்டச் சொல்லி, தலையணைக்குக் கீழேயிருந்து மாலையை எடுத்தார். மாதா படம் இருக்கிற திசை எது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, அவர் திரும்பிய பக்கம் நானும் திரும்பினேன். முதல் பாதியை நிதானமாகச் சொல்லி முடித்தார். நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். வளையங்கள் ஐந்தும் ஒன்றாக அணைந்தன.

மாமா சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, குளிச்சு முடிஞ்சுது என்று எனக்கு அறிவித்தார்.

"ம், சொல்லுங்கோ தம்பி. உங்கட பாதி."